புதிதாக கோல்ஃப் ஆடப் போகிறீர்களா? பின்னால் வருபவர்களைக் காக்க வைக்காமல் ஒன்பது குழி முடிக்க ஒரு வழிகாட்டி

ஒரு புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு நாங்கள் நான்கு பேர் டீ எடுத்தோம், அதாவது முதல் பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கினோம். நால்வருமே புதியவர்கள். ஏழாவது குழியின் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) நான் நான்காவது முறையாகப் பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) அடித்துக்கொண்டிருந்தபோது மணி ஏழைத் தாண்டிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த மூவரும் ஃபேர்வே (கிரீன் வரை நீளும் புல்வெளி) நடுவில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்கள். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர்கள், என் அப்பா வயது. நாங்கள் எட்டாவது டீக்கு, அதாவது அந்தக் குழியின் முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு, நகர்ந்ததும் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துவிட்டார்கள். மீதி ஆட வெளிச்சம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் காசு கொடுத்த ஒன்பது குழியில் கடைசி மூன்றை நாங்கள் தின்றுவிட்டோம். அன்று எங்களுக்கு ஆன நேரம் 3 மணி 20 நிமிடம்.

மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) சூழ்ந்த பட்டணம் எங்களுடையது. ஒன்பது குழித் திடல். பதினெட்டு ஆட வேண்டுமானால் இரண்டு சுற்று. ஊர் சிறியது என்பதால் யார் மெதுவாக ஆடுகிறார்கள் என்ற செய்தி இரண்டே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு மூன்று வாரம் எங்களோடு சேர்ந்து ஆட யாரும் வரவில்லை. மோசமாக ஆடுபவரை இங்கே யாரும் ஒதுக்குவதில்லை. எல்லாரும் அந்தப் படியைத் தாண்டி வந்தவர்கள்தான். ஆனால் மெதுவாக ஆடுபவரை இரண்டாம் முறை கூப்பிடமாட்டார்கள். இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தரவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், சிறு வயதில் இருந்து இதே திடலில் கேடியாக (ஆட்டக்காரரின் பையைத் தூக்கி உதவுபவராக) இருக்கும் ஓர் அண்ணன். அவர் சொன்னதையும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. புதியவர் ஒருவர் ஒன்பது குழிக்குச் சுமார் 60 அடி எடுப்பார். நால்வருக்கு 240 அடி. ஒவ்வோர் அடிக்கும் 20 விநாடி வீணானால் மொத்தம் 4,800 விநாடி, அதாவது 80 நிமிடம். எங்கள் 3 மணி 20 நிமிடத்தில் 80 நிமிடத்தைக் கழித்துப் பாருங்கள். சரியாக 2 மணி நேரம் வரும். எங்கள் திடலின் பலகையில் நால்வர் ஃபிளைட்டுக்கு (சேர்ந்து ஆடும் குழுவுக்கு) போட்டிருப்பது 2 மணி 10 நிமிடம். ஆட்டம் கொஞ்சமும் முன்னேறாமலே நேரத்தைச் சரி செய்துவிடலாம் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கில்தான்.

1. திடலுக்கு முன் ரேஞ்ச் (அடித்துப் பழகும் இடம்)

பத்தில் ஏழு பந்தாவது காற்றில் எழும்பும் வரை திடலுக்குப் போகாதீர்கள். எனக்கு அதற்கு இரண்டு மாதம் ஆனது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு கூடைப் பந்து. பயிற்றுநரிடம் ஐந்து வகுப்பு எடுத்தேன், மணிக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). பழைய மட்டை செட் 450 வெள்ளி, காலணி 120. ஆக, முதல் சுற்று ஆடுவதற்கு முன்பே 970 வெள்ளி போய்விட்டது. கூடைப் பந்துச் செலவு தனி. புது செட் வாங்காதீர்கள். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதியவருக்கு ஏழெட்டுப் போதும். மட்டை குறைந்தால் எதை எடுப்பது என்ற யோசனையும் குறையும்.

2. நேரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள்

சனி, ஞாயிறு காலை புதியவருக்கான நேரம் கிடையாது. போட்டி இருக்கும், ஃபிளைட்டுகள் எட்டுப் பத்து நிமிட இடைவெளியில் வரிசையாகப் புறப்படும், ஒருவர் தாமதித்தால் அன்று முழுவதும் எல்லாருக்கும் தாமதம். வார நாள் பிற்பகல்தான் நல்லது. பள்ளி வேலை முடித்து வரும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு நாலு மணி சரியாக இருக்கும்.

மாலையில் ஆடுபவர்கள் சூரியன் மறையும் நேரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் பக்கம் பிப்ரவரியிலும் ஜூலையிலும் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். நவம்பரில் ஏழு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரம் என்பது இரண்டு குழி. நவம்பரில் ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்க நேரம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் பத்துச் சுற்றுக்கு நான்கு புதியவர்கள் சேர்ந்து போகாதீர்கள். எங்கள் பெரிய தவறு இதுதான். இரண்டு பேராகப் போங்கள், அல்லது அனுபவம் உள்ள ஒருவரைக் கெஞ்சியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கவுண்டரில் என்ன கேட்பார்கள்

அடையாள அட்டை கட்டாயம். உறுப்பினர் அல்லாதவர் என்றால் விருந்தினர் படிவம் ஒன்று இருக்கும். சில மன்றங்களில் உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஹேண்டிகேப் அட்டை (ஆட்டத் திறனை எண்ணாகக் காட்டும் அட்டை) அல்லது பயிற்றுநரின் தகுதிச் சான்று இல்லாமல் விடாத திடல்களும் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காலர் இல்லாத சட்டை, ஜீன்ஸ் போட்டுப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் திடலில் வார நாள் ஒன்பது குழிக்கு எனக்கு ஆவது 35 வெள்ளி. கேடி வைத்தால் 30, மேலே நம் மனம்போல. முதல் ஐந்து சுற்றுக்குக் கேடி வையுங்கள் என்று அடித்துச் சொல்வேன். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கும் கண் நமக்கு அப்போது இருக்காது. கேடிக்கு உண்டு.

ரசீதின் பின்புறத்தையும் படியுங்கள். வெளியூர்த் திடல் ஒன்றில், பெயர் வேண்டாம், முன்னால் ஒரு குழி காலியாகிவிட்டது என்று மார்ஷல் (ஆட்ட வேகத்தைக் கண்காணிப்பவர்) வந்து எங்களை இரண்டு குழி தாண்டிப் போகச் சொன்னார். முழுக் கட்டணம் கட்டியிருந்தோம், திருப்பித் தரவில்லை. கோபத்தோடு கவுண்டருக்குப் போனால், தாமதித்தால் குழி தாண்டச் சொல்லும் உரிமை மார்ஷலுக்கு உண்டு என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தது. மார்ஷல் எங்களைத் தாண்டிப் போகச் சொன்ன விதம் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் விதி அவர் பக்கம் இருந்தது.

4. பையைவிட பாக்கெட்டைக் கவனியுங்கள்

டீயில் நிற்கும்போது உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டியவை: பந்து இரண்டு, பந்தை ஏற்றி வைக்கும் டீ முளை மூன்று, கிரீனில் பந்தை எடுக்கும்போது அதன் இடத்தில் வைக்கும் அடையாளக் காசு ஒன்று, கிரீனில் பள்ளம் சரி செய்யும் சிறு கவை ஒன்று. முதல் பந்து காட்டுக்குள் போனதும் இரண்டாவது பந்துக்காகப் பையைத் திறந்து, ஜிப்பைத் தேடி, பந்தை எடுத்து வர முக்கால் நிமிடம் ஆகும். ஒரு சுற்றில் இது பத்து முறை நடக்கும். புதுப் பந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். குளத்தில் இருந்து எடுத்துக் கழுவிய பழைய பந்துகள் மலிவாகக் கிடைக்கும். விலை குறைந்த பந்தைத் தேடிக் காட்டில் நேரம் போக்க மனம் வராது என்பது அதில் இன்னொரு நன்மை.

பந்தில் உங்களுக்கென்று ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். நான் சிவப்பு மையில் ‘அ’ எழுதுவேன். ஃபேர்வேயில் இரண்டு வெள்ளைப் பந்து பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், இது யாருடையது என்ற பேச்சே ஒரு நிமிடம் ஓடிவிடும்.

5. டீயில் தயாராக இருப்பவர் அடிக்கட்டும்

முந்தைய குழியில் குறைந்த அடி எடுத்தவர் டீயில் முதலில் அடிப்பது வழக்கம்; அதன் பிறகு குழிக்குத் தொலைவில் பந்து கிடப்பவர் முதலில். மொத்த அடியை எண்ணும் அடிக்கணக்கு ஆட்டத்தில் இந்த வரிசையை விட்டுவிட்டு, ஆபத்து இல்லாதவரை தயாராக இருப்பவர் அடிக்கலாம் என்று 2019இல் மாற்றி எழுதப்பட்ட கோல்ஃப் விதிகளே ஊக்குவிக்கின்றன. தண்டனை கிடையாது. ஒருவருக்கொருவர் மோதும் மேட்ச் ஆட்டத்தில் மட்டும் வரிசை முக்கியம்; முறை தவறி அடித்தால் எதிராளி அந்த அடியை ரத்து செய்யச் சொல்லலாம்.

முதல் டீயிலேயே, “தயாரானவர் அடிப்போமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் இருந்தாலும் தயங்க வேண்டாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே உங்களைப் பற்றி நல்ல எண்ணம் வந்துவிடும்.

6. நடக்கும்போதே முடிவெடுங்கள்

நேரம் போவது இங்கேதான். கேடி அண்ணனோடு நான் ஆடிய முதல் நாள், மூன்றாவது குழியில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பந்துக்குப் பக்கத்தில் வந்தேன். பையை வைத்தேன். கொடியைப் பார்த்தேன். ஏழாம் அயன் மட்டையை உருவினேன், திரும்ப வைத்தேன், எட்டை எடுத்தேன். வீசிப் பார்த்தேன், நான்கு முறை. பின்னால் போய் நின்று கோடு பார்த்தேன். வந்து நின்றேன். கையுறையைச் சரி செய்தேன். அடித்தேன். பந்து இருபது அடி உருண்டது.

“ஒரு நிமிஷம் முப்பத்தஞ்சு செகண்டு, டீச்சர்” என்றார்.

விதி பரிந்துரைப்பது 40 விநாடி. இடையூறு இல்லாமல் ஆட முடிகிற நிலை வந்ததிலிருந்து 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும், பெரும்பாலும் அதைவிடவும் விரைவாகவே அடிக்க முடியும் என்கிறது விதி 5.6. நான் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடுத்திருந்தேன்.

அண்ணன் என்னை வேகமாக அடிக்கச் சொல்லவே இல்லை. “அங்க போயி யோசிக்காதீங்க. நடக்கும்போதே யோசிங்க. பந்துகிட்ட போறப்ப மட்டை கையில இருக்கணும்” என்றார். அவர் எனக்குக் கற்றுத் தந்த வரிசை இது. பந்தை நோக்கி நடக்கும்போதே கொடி எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பந்துக்குப் பத்தடி இருக்கும்போதே மட்டையை உருவுங்கள். சக ஆட்டக்காரர் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் கண்ணில் படாத இடத்தில் அசையாமல் நின்று உங்கள் கோட்டைப் பார்த்து முடித்துவிடுங்கள். உங்கள் முறை வந்ததும் ஒரே ஒரு முறை வீசிப் பாருங்கள். பிறகு அடியுங்கள். இரண்டு மட்டைக்கு நடுவே குழப்பம் வந்தால் பெரியதை எடுங்கள். புதியவரின் பந்து பெரும்பாலும் குறைவாகத்தான் விழும்.

நால்வரும் கும்பலாக ஒரு பந்திலிருந்து அடுத்த பந்துக்கு நடக்காதீர்கள். கோயில் ஊர்வலம் போல நாங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். அவரவர் அவரவர் பந்துக்கு நேராகப் போக வேண்டும், அடிப்பவருக்கு முன்னால் போய்விடாமல். பேச்சை நடக்கும்போது பேசுங்கள். பந்துக்கு முன்னால் நின்று கதையை முடிக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம், எனக்கும் இருந்தது.

உங்கள் இடம் எது என்பதையும் அண்ணன்தான் தெளிவாகச் சொன்னார்: “முன்னால போற ஃபிளைட்டோட வாலைப் புடிச்சிக்கிட்டே போகணும்.” பின்னால் யாரும் இல்லை என்பதால் நீங்கள் சரியான வேகத்தில் போகிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். முன்னால் பாருங்கள். முன்னவர்கள் கிரீனை விட்டுப் போகும்போது நீங்கள் அந்தக் கிரீனை நோக்கி அடிக்கத் தயாராக நின்றால் சரி. நீங்கள் டீக்கு வரும்போதே அந்தக் குழி காலியாகக் கிடந்தால் ஒரு குழி பின்தங்கிவிட்டீர்கள்.

போட்டியில் காரணமின்றித் தாமதித்தால் தண்டனையும் உண்டு. முதல் முறை ஓர் அடி, அடுத்த முறை இரண்டு அடி, மூன்றாம் முறை ஆட்டத்தை விட்டே நீக்கம்.

7. செம்பனைக்குள் போன பந்து

நம் ஊர்த் திடல்களில் சுற்றை இழுத்தடிப்பது இதுதான். எங்கள் நாலாவது குழியின் இடப் பக்கம் முழுவதும் செம்பனை. எலி பிடிக்க வைத்திருக்கும் ஆந்தைக் கூண்டு ஒன்று கம்பத்தின் மேல் இருக்கும். என் பந்து வாராவாரம் அந்தக் கூண்டைத் தாண்டித்தான் போகும். எல்லையில் வெள்ளைக் கம்பு நட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் பந்து ஆட்டத்தில் இல்லை. எடுத்து வந்து வைத்து அடிக்க முடியாது. இருந்தும் புதியவர்கள் நாங்கள் நால்வரும் கோல்ஃப் மட்டைகளோடு உள்ளே நுழைந்து, வெட்டி அடுக்கி வைத்த பனை மட்டைக் குவியலைக் காலால் தள்ளித் தேடுவோம். எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பு இருக்கும். செம்பனை மட்டையின் முள் குத்தினால் சீழ் வைக்கும். ஒரு பழைய பந்துக்காக இது தேவையா?

இப்படிச் செய்யுங்கள். பந்து காணாமல் போயிருக்கும் அல்லது எல்லை தாண்டியிருக்கும் என்று சந்தேகம் வந்த உடனே, டீயை விட்டு நகரும் முன், இன்னொரு பந்தை அடியுங்கள். அடிக்கும் முன் “இது புரொவிஷனல்” (தற்காலிகப் பந்து) என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். “இன்னொன்னு போடுறேன்” என்று மட்டும் சொன்னால் செல்லாது. சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயன் இல்லை. புரொவிஷனல் அடிக்காமல் போய்த் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று 200 மீட்டர் திரும்ப டீக்கு நடந்து வருவதைத்தான் பின்னால் நிற்பவர்கள் மிகவும் வெறுப்பார்கள்.

தேடும் நேரம் 3 நிமிடம். முன்பு 5 நிமிடமாக இருந்தது, 2019இல் குறைத்தார்கள். நீங்களோ உங்கள் கேடியோ தேடத் தொடங்கியதிலிருந்து கணக்கு. கைப்பேசியில் நேரம் வையுங்கள். மூன்று நிமிடம் முடிந்த பிறகு பந்து கிடைத்தாலும் அது காணாமல் போன பந்துதான். நால்வரும் தேட வேண்டியதில்லை. இருவர் தேடட்டும், மற்ற இருவர் தங்கள் அடியை அடித்துவிட்டு வந்து சேரட்டும்.

சில மன்றங்கள் வேறொரு உள்ளூர் விதியை ஏற்றுக்கொண்டிருக்கும்: புரொவிஷனல் அடிக்காதவர் டீக்குத் திரும்பாமல், பந்து தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் இரண்டு அடி தண்டனையோடு பந்தைப் போட்டு ஆடலாம். இது எல்லாத் திடலிலும் கிடையாது. அடி எழுதும் அட்டையின் பின்புறம் பாருங்கள், அல்லது கவுண்டரில் கேளுங்கள். நட்பு ஆட்டத்தில் உங்களுக்குள் பேசி இதை வைத்துக்கொள்வது புதியவர்களுக்குப் பெரிய உதவி.

சிவப்புக் கம்பு நட்ட வடிகாலிலோ குளத்திலோ விழுந்தது நிச்சயமாகத் தெரிந்தால் தேடவே வேண்டாம். பந்து எந்த இடத்தில் எல்லைக் கோட்டைக் கடைசியாகத் தாண்டியதோ அங்கிருந்து, குழிக்கு அருகே போகாமல், இரண்டு மட்டை நீளத்துக்குள் முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு ஆடுங்கள். ஓர் அடி தண்டனை. எல்லைக்குள்ளேயே பந்து பாம்புக்கோ செந்நெருப்பு எறும்புப் புற்றுக்கோ பக்கத்தில் கிடந்தால் அபாய விலங்கு என்ற விதியில் தண்டனையே இல்லாமல் நகர்த்திக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, பயந்துகொண்டே அடிப்பார்கள்.

8. கிரீனில்

பையையோ பக்கியையோ (திடலில் ஓட்டும் சிறு வண்டி) கிரீனுக்கு முன்னால் விட்டுவிட்டு ஏறாதீர்கள். அடுத்த டீக்குப் போகும் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். முன்னால் வைத்தால், எல்லாரும் முடித்த பிறகு நீங்கள் பின்னோக்கி நடந்து பையை எடுக்கும்வரை பின்னால் வருபவர் அடிக்க முடியாது.

மற்றவர் பட் அடிக்கும்போதே உங்கள் கோட்டைப் பாருங்கள், அவருடைய கோட்டில் கால் வைக்காமல். கொடியைப் பிடுங்காமலே பட் அடிக்கலாம், 2019 முதல் அதற்குத் தண்டனை இல்லை. நால்வரும் கொடியை விட்டுவைப்பது என்று ஒப்புக்கொண்டால், யார் பிடிப்பது யார் திரும்ப நடுவது என்ற இழுபறி ஒழியும். பட் தவறிப் பந்து ஓரடியில் நின்றால் காசு வைத்துவிட்டு ஒதுங்காதீர்கள், போய் முடித்துவிடுங்கள். நட்பு ஆட்டத்தில் கிம்மி (மிக அருகில் நிற்கும் பந்தை விழுந்ததாக ஏற்றுக்கொள்வது) கொடுத்துக்கொள்ளலாம். அடிக்கணக்குப் போட்டியில் கிம்மி கிடையாது, பந்து குழிக்குள் விழ வேண்டும்.

கடைசிப் பந்து விழுந்ததும் கிரீனை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எத்தனை அடி என்று எழுதுவதை அடுத்த டீயில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் நால்வரும் கொடியைச் சுற்றி நின்று, “நீ ஏழா, எட்டா? மணல் பங்கர்ல ரெண்டு அடிச்சியே” என்று விரல் விட்டு எண்ணுவோம். அந்த மூவர் அன்று பின்னால் காத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. பந்தைக் கையில் எடுக்கும் நேரம்

பாரைப் போல (ஒரு குழிக்கென்று வகுத்த அடி எண்ணிக்கை) இரண்டு மடங்கு ஆனதும் பந்தைக் கையில் எடுத்துவிடுங்கள். பார் 4 குழி என்றால் 8, பார் 3 என்றால் 6. நட்பு ஆட்டத்தில் இதைத் தடுக்க யாரும் இல்லை. முதலில் எனக்கு அது தோல்வி போல இருந்தது. கட்டின காசுக்கு முழுதாக ஆட வேண்டும் என்று நினைத்தேன். பதினொன்றாவது அடியில் எனக்கு எந்தப் பாடமும் கிடைக்கவில்லை, மூச்சுதான் வாங்கியது. எடுத்துவிட்டு அடுத்த டீக்குப் போய் ஆற அமர நின்று அடித்தபோதுதான் ஆட்டமே பிடிக்க ஆரம்பித்தது.

10. வழிவிடுவது

முன்னால் ஒரு குழி காலி, பின்னால் ஒரு ஃபிளைட் காத்து நிற்கிறது என்றால் வழிவிடுங்கள். முன்னாலும் நெரிசல் என்றால் வழிவிட்டுப் பயன் இல்லை, சும்மா இருங்கள்.

எளிதான இடம் பார் 3 குழி. நால்வரும் கிரீனுக்கு வந்ததும் பந்துகளைக் காசு வைத்து எடுத்துவிட்டு, நன்றாக ஓரமாக ஒதுங்கி, கையைத் தூக்கி ஆட்டுங்கள். அவர்கள் அடித்துவிட்டு நடந்து வருவதற்குள் நீங்கள் பட் அடித்து முடித்துவிடலாம். டீயில் நின்றுகொண்டிருந்தால் இன்னும் சுலபம்: “அண்ணே, நீங்க முதல்ல போங்க” என்று சொன்னால் போதும். ஃபேர்வே நடுவில் வழிவிடுவது ஆபத்து. அவர்கள் அடி எட்டாத தூரத்துக்கு, மரத்துக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் கை காட்ட வேண்டும். “ஃபோர்!” என்ற கூச்சல் கேட்டால் நிமிர்ந்து பார்க்காதீர்கள், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனியுங்கள்.

11. மழையும் பக்கியும்

மழைக்குப் பிறகு பக்கியைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். அப்போது பாதையில் நிறுத்திவிட்டு, ஒரு மட்டையோடு பந்துக்கு நடந்து, அது சரிப்படாமல் திரும்ப வந்து இன்னொன்றை எடுக்கும் காட்சியைத் தினமும் பார்க்கலாம். மூன்று மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஈர மண்ணில் பந்து அடித்த பள்ளத்திலேயே புதைந்து நின்றால் தண்டனை இல்லாமல் எடுத்துத் துடைத்துப் போடலாம். பங்கரிலும் சிவப்பு, மஞ்சள் கம்பு நட்ட தண்டனைப் பகுதிக்குள்ளும் இந்தச் சலுகை இல்லை.

நீண்ட ஒற்றைச் சங்கு ஊதினால் மின்னல் அபாயம், அந்த நொடியே நிறுத்த வேண்டும், குழியை முடிக்கிறேன் என்று நிற்கக் கூடாது. மூன்று குறுஞ்சங்கு சாதாரண நிறுத்தம். இரண்டு குறுஞ்சங்கு மீண்டும் ஆடலாம் என்பதற்கு. சங்கு இல்லாத சிறு திடலில் இடிச் சத்தம் கேட்டதுமே கிளம்பிவிடுங்கள். நேரத்தை மிச்சப்படுத்தும் விஷயம் இது இல்லை என்றாலும், இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

12. ஹேண்டிகேப் அட்டை

வேகம் கைக்கு வந்த பிறகு இதைத் தொடங்குங்கள். மலேசிய கோல்ஃப் சங்கத்தில் இணைந்த மன்றம் ஒன்றின் வழியாகத்தான் ஹேண்டிகேப் பெற முடியும். உலக ஹேண்டிகேப் முறைப்படி முதல் கணிப்புக்கு 54 குழிகளின் கணக்கு வேண்டும். ஒன்பது குழிச் சுற்று என்றால் ஆறு அட்டை. தனியாக ஆடியது செல்லாது, கூட ஒருவராவது இருந்து கையெழுத்திட வேண்டும்.

இதிலும் பந்தைக் கையில் எடுக்க இடம் இருக்கிறது. இன்னும் ஹேண்டிகேப் இல்லாதவருக்கு ஒரு குழியின் உச்ச வரம்பு பாருக்கு மேல் 5. பார் 4 குழியில் 9 ஆனதும் எடுத்துவிட்டு 9 என்று எழுதலாம், அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் கணக்கில் ஏறாது. முதலில் கிடைக்கக் கூடிய உச்ச எண் 54. பெரிய எண் வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எனக்கு வந்தது 47.

ஆறு அட்டைக்கு எனக்கு ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும், பத்து வாரம் ஆனது. மழையில் இரண்டு சுற்று பாதியில் நின்றது. ஒரு மன்றத்தில் பெட்டியில் போட்ட ஓர் அட்டை அலுவலகத்தில் காணாமலே போய்விட்டது, கையில் நகல் இல்லாததால் மீண்டும் ஆட வேண்டியிருந்தது. ஆகவே இருவர் கையெழுத்தும் விழுந்த உடனே, பெட்டியில் போடும் முன், அட்டையின் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் எந்த நிற டீயிலிருந்து ஆடினீர்கள் என்பதும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.